வீடு தேடி வந்த தாதியர்

மே மாதம் 12ஆம் திகதி உலகத் தாதியர் தினம். அன்றைய காலைக் கூட்டத்தில் யாராவது ஒரு மாணவி மேடையேறிப் புளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிப் பேசுவது வழக்கம். கையில் விளக்கு, கிரிமியா யுத்தம், காயப்பட்ட சிப்பாய்கள், நள்ளிரவு நடை. நானும் ஏழாம் தரத்தில் அப்படிப் பேசிப் பரிசு வாங்கியவள்தான். அந்த அம்மையார் 90 வருடங்கள் வாழ்ந்தார் என்பதும், அதில் யுத்தத்துக்காகக் கழிந்தது இரண்டு வருடத்திற்கும் குறைவு என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மீதி 88 வருடங்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்கவும் தோன்றவில்லை.

கேட்கத் தோன்றியது சென்ற வருடம். எங்கள் உம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்து, மாளிகாவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு அவரைக் கதிரையில் உட்கார வைத்து மாமாமார் இருவர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதன் பிறகு கட்டில்தான் அவருக்கு உலகம். அதே மாதத்தில் ராத்தாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்க்க மருத்துவமாது வீட்டுக்கு வந்தார். நிறை பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், அட்டையில் எழுதினார். புறப்படும்போது பக்கத்து அறையை எட்டிப் பார்த்தவர், உள்ளே போய் உம்மம்மாவை மெல்லப் பக்கவாட்டில் திருப்பி, முதுகின் அடியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவந்திருந்த இடத்தை உம்மாவுக்குக் காட்டினார். அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்கும் அடையாளம் அது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பது, துணி நனைந்தால் உடனே மாற்றுவது என்று எல்லாவற்றையும் கால் மணித்தியாலத்தில் செய்து காட்டிவிட்டுப் போனார்.

அது அவருடைய வேலை அல்ல. அவர் பிள்ளையைப் பார்க்க வந்தவர். பிறந்த பிள்ளையைத் தேடிப் பயிற்சி பெற்ற ஒருவர் மூன்று மாடி ஏறி வருகிறார். அதே வீட்டில் படுத்திருக்கும் 78 வயதுக்காரரைத் தேடி ஏன் யாரும் வருவதில்லை? இந்தக் கேள்வியோடு நைட்டிங்கேலின் வாழ்க்கையை மறுபடி வாசித்தேன். ஏறத்தாழ நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு அவரும் இதையேதான் வேறொரு நகரத்தில் கேட்டிருக்கிறார்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்ததால் அந்த ஊரின் பெயரே அவருக்கு வைக்கப்பட்டது. தந்தை வில்லியம் நைட்டிங்கேல் பெரும் செல்வந்தர். இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் இன்னொன்று. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் சேர்க்காத காலம் அது. ஆகவே தந்தையே மகள்மார் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் எல்லாம் கற்பித்தார். இளையவளான புளோரன்ஸுக்குக் கணிதத்தில் தீராத ஆசை.

அவர் முதன்முதலில் பணிவிடை செய்த நோயாளிகள் சிப்பாய்கள் அல்லர், கிழவிகள். 1845இல் தந்தையின் தாயார் நோயுற்றபோது பேத்தி போய்க் கூட இருந்து பார்த்தார். அதே வருடம், தன்னைச் சிறுவயதில் வளர்த்த முதிய ஆயா மரணப் படுக்கையில் கிடந்தபோது அருகிலிருந்து கையைப் பிடித்திருந்தவரும் அவரே. அந்த அனுபவத்திலிருந்து அவர் கண்டுகொண்டது ஒன்றுதான்: அன்பு மட்டும் போதாது. அன்பு நிறைந்த உறவினர் சுற்றி நிற்கும்போதே, என்ன செய்வதென்று தெரியாத காரணத்தால் நோயாளி வதைபடுகிறார். ஆகவே தாதிமைக்கும் பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்து, அண்மையிலிருந்த சோல்ஸ்பரி வைத்தியசாலையில் மூன்று மாதம் பழக அனுமதி கேட்டார். வீட்டில் பூகம்பம். அந்நாளில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடித்துவிட்டுத் தூங்குபவள் என்றுதான் பெயர். நல்ல குடும்பத்துப் பெண் அந்தப் படியேறுவதா என்று தாயும் தமக்கையும் அழுதார்கள். அனுமதி கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு ஞாபகம் வரும். யுத்தகாலத்தில் மதீனாவின் பள்ளிவாசலில் கூடாரமடித்துக் காயப்பட்டோரைப் பராமரித்த ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் வரலாற்றை நாம் மூன்றாம், நான்காம் தரத்திலேயே கேட்டிருக்கிறோம். இருந்தும் மகள் தாதியாகப் போகிறேன் என்றால் நமது வீடுகளிலும் ஒரு சின்னப் பூகம்பம் வரத்தான் செய்கிறது.

புளோரன்ஸ் எட்டு வருடங்கள் பொறுத்திருந்தார். திருமணப் பேச்சுகளை மறுத்தார். விடியுமுன் எழுந்து வைத்தியசாலை அறிக்கைகளை வாசித்துக் குறிப்பெடுத்தார். 1851இல் ஜெர்மனியின் கைசர்வெர்த் என்ற இடத்தில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. 1853இல் பாரிஸ் நகரத்தில் பழகச் சென்றார். தொண்ணூறைத் தாண்டிய அந்தப் பாட்டியாரின் இறுதி நாட்கள் என்று செய்தி வரவே, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து கடைசிவரை அருகில் இருந்தார். அதே வருடம் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு இல்லத்துக்குப் பொறுப்பாளரானார். வருடத்துக்கு 500 பவுண் தருவதாகத் தந்தை ஒத்துக்கொண்டதால்தான் சம்பளமில்லாத அந்த வேலை சாத்தியமாயிற்று. அங்கே அவர் முதலில் கேட்ட வசதிகளைப் பாருங்கள்: எல்லா மாடிக்கும் குழாயில் சுடுநீர், சாப்பாட்டை மேலே ஏற்றும் ஒரு தூக்கி, எந்த நோயாளி அழைத்தார் என்று காட்டும் மணி. தாதி படியேறிப் படியிறங்கியே களைத்துப் போனால் நோயாளியைப் பார்ப்பது எப்போது என்பது அவருடைய கணக்கு. மூன்றாம் மாடிக்கு வாளியில் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

கிரிமியாவை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். அது உங்களுக்குத் தெரிந்த கதை. 1854 நவம்பரில் 38 தாதியருடன் இஸ்தான்புலுக்கு எதிரே ஸ்குட்டாரியில், இன்றைய உஸ்குதாரில், துருக்கியரின் பெரும் படைமுகாம் ஒன்றில் இயங்கிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். துணி, சவர்க்காரம், சாப்பாடு எதுவும் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். ஆனாலும் 1855 பெப்ரவரியில் அங்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டம் செய்ய ஓர் ஆணைக்குழு வந்த பின்னரே இறப்பு மளமளவென்று குறைந்தது. இந்த உண்மையை அவர் அங்கிருந்தபோது முழுமையாக அறியவில்லை. ஊர் திரும்பிய பிறகு, புள்ளிவிபர அறிஞர் வில்லியம் ஃபார் என்பவருடன் கணக்குகளைப் போட்டுப் பார்த்தபோதுதான், தன் கண் முன்னால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் காயத்தால் அல்ல, கட்டிடத்தின் அசுத்தத்தால் இறந்தார்கள் என்பது தெரிந்தது. நாடே அவரைக் கொண்டாடிய அந்த வேளையில் அவர் வெளியே வரவில்லை, மேடை ஏறவில்லை. யுத்தகளத்தில் தொற்றிய காய்ச்சல் அவரை விட்டுப் போகவுமில்லை. 37 வயதிலிருந்து பெரும்பாலும் கட்டிலிலும் சாய்மனையிலும் படுத்தபடியேதான் வேலை செய்தார்.

எனக்கு இது முக்கியமாகப் பட்டது. தாதியருக்கு வழிகாட்டிய பெரும்பாலான எழுத்துகளைப் படுக்கையில் கிடந்த ஒருவர் எழுதியிருக்கிறார். 1860ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த தாதிமை பற்றிய குறிப்புகள் என்ற சின்ன நூலை வாசித்தால் அது விளங்கும். அதைத் தாதியருக்காக அல்ல, வீட்டில் நோயாளியைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காகவே அவர் எழுதினார். அடுத்த வருடம் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று மலிவுப் பதிப்பும் வந்தது. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று பேசாதே. அறைக்கு வெளியே குசுகுசுக்காதே. சீக்கிரம் சுகமாகிவிடும் என்று வெறும் ஆறுதல் சொல்லிக் களைக்க வைக்காதே. சாப்பிட முடியாத தட்டை அவர் எதிரிலேயே வைத்துவிட்டுப் போகாதே. யன்னலைத் திற, ஆனால் குளிரவிடாதே. கட்டிலிலிருந்து வெளியே ஏதாவது தெரியும்படி வை. படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்ற கருத்தையும் அவர் அப்போதே தயங்காமல் எழுதிவிட்டார். அந்தப் பக்கத்தை நான் உம்மாவுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் கற்றுக் கொடுக்காமல் குற்றம் மட்டும் சொல்வது நியாயமாகப் படவில்லை.

அதே நூலில் இன்னொரு பகுதி இருக்கிறது. நாம் இருக்கும்போது செய்யும் காரியம் நாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் உண்மையான பராமரிப்பு என்பது அதன் சாரம். உம்மா சந்தைக்குப் போன மூன்று மணித்தியாலமும் உம்மம்மா ஒரே பக்கம் கிடந்தார் என்றால் உம்மாவின் அன்பில் குறையில்லை, ஏற்பாட்டில்தான் குறை. இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. இடம், வலம், மல்லாக்கு என்று நேரமும் பெயரும் எழுதியது. தம்பியின் பெயரும் அதில் உண்டு.

நைட்டிங்கேல் நிதி என்று மக்கள் சேர்த்துக் கொடுத்த பணம் ஏறத்தாழ 45,000 பவுண். அதைக் கொண்டு 1860ஆம் ஆண்டு இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. முதல் அணியில் 15 மாணவியர். அது வைத்தியசாலைத் தாதியரின் கதை. வீடு தேடிச் செல்லும் தாதியின் கதை லிவர்பூல் நகரில் தொடங்குகிறது.

அந்நகரின் வணிகரான வில்லியம் ரத்போன் என்பவரின் மனைவி 1859இல் நீண்ட நாள் படுத்திருந்து இறந்தார். அவரைக் கவனிக்க மேரி ரொபின்சன் என்ற தாதி வீட்டிலேயே அமர்த்தப்பட்டிருந்தார். எங்கள் வீட்டில் எல்லா வசதியும் இருந்தும் ஒரு தாதியால் இவ்வளவு நிம்மதி கிடைத்ததென்றால், ஒன்றுமே இல்லாத வீட்டில் நோயாளியின் நிலை என்ன என்று ரத்போன் யோசித்தார். அதே தாதியை மூன்று மாதச் சம்பளத்துக்கு ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். ஒரு மாதம் முடியுமுன்னே அவர் கண்ணீரோடு வந்து, இந்த அவலத்தைப் பார்க்கத் தன்னால் முடியாது என்று விலகக் கேட்டார். ரத்போன் தேற்றி அனுப்பினார். மூன்றாவது மாத முடிவில் மேரி ரொபின்சன் வேறு எந்த வேலைக்கும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தன்னால் ஒருவரைக் கைதூக்க முடிகிறது என்று அவர் கண்டுவிட்டிருந்தார்.

இன்னும் பத்துத் தாதியரை அமர்த்தலாம் என்று ரத்போன் தேடினால், பயிற்சி பெற்றவர்கள் நாட்டிலேயே இல்லை. அவர் நைட்டிங்கேலுக்கு எழுதினார். தாதியரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும், அதுவும் உங்கள் ஊர் வைத்தியசாலையிலேயே உருவாக்குங்கள் என்ற பொருளில் ஆலோசனை கிடைத்தது. 1862இல் லிவர்பூல் வைத்தியசாலையோடு சேர்த்து ரத்போன் ஒரு பயிற்சிப் பாடசாலை கட்டினார். நகரம் 18 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுப் பிரிவுக்கொரு தாதி என்ற ஏற்பாடு வந்தது. இன்று உலகெங்கும் சமூகத் தாதியர் சேவை என்று நாம் அழைப்பதற்கு இதுவே முன்மாதிரி.

இதற்கிடையில் இன்னொரு வாசலும் திறந்தது. அந்நாளில் உழைக்க முடியாத ஏழைகளும் முதியவர்களும் போய்ச் சேரும் கடைசி இடம் தொழிலகம் எனப்பட்ட வறியோர் இல்லம். அங்கே நோயுற்றோரைப் பார்ப்பது அதே இல்லத்தில் தங்கியிருந்த வேறு ஏழைப் பெண்கள். பலர் தாமே தள்ளாடும் கிழவிகள். 1864 டிசம்பரில், இலண்டன் ஹோல்போர்ன் இல்லத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த திமதி டாலி என்ற கூலித் தொழிலாளி படுக்கைப்புண் முற்றி இறந்து போனார். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. அந்தச் சூட்டிலேயே நைட்டிங்கேல் பொறுப்பான அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நோயாளிகள், நாட்பட்ட வருத்தக்காரர், மனநலம் குன்றியோர், பிள்ளைகள் அனைவரையும் ஒரே கூரையின் கீழ் அடைக்காமல் தனித்தனியே பராமரிக்க வேண்டும். செலவை ஏழைப் பிரிவுகளின் தலையில் மட்டும் கட்டாமல் நகரம் முழுவதும் பகிர வேண்டும். நோயில் விழுந்த நிமிடத்திலிருந்து ஒருவர் பிச்சைக்காரரல்லர், துன்பப்படும் சக மனிதர் என்பதே அவருடைய வாதத்தின் அடி. 1867இல் வந்த சட்டம் அவர் கேட்டதில் ஒரு பங்கைத்தான் தந்தது. அதையும் அவர் வெற்றியாக எண்ணவில்லை.

லிவர்பூல் வறியோர் இல்லத்தின் நோயாளர் பகுதிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள். 1865இல் அங்கே பொறுப்பேற்றவர் அக்னஸ் ஜோன்ஸ், நைட்டிங்கேல் பாடசாலையில் பயின்ற அயர்லாந்துப் பெண். கூடச் சென்றவர்கள் 12 தாதியர். இல்லத்து ஏழைப் பெண்களையே பழக்கித் தாதியராக்கலாம் என்ற முயற்சியில் பலர் குடிப்பழக்கத்தால் விலக்கப்பட்டார்கள். அக்னஸ் இரவும் பகலும் உழைத்தார். மூன்று வருடம் முடியுமுன், 1868இல், டைபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது வயது 35. நைட்டிங்கேல் தன் மாணவியருள் மிகவும் நேசித்தவர்களில் ஒருவர் அவர். ஆளில்லாத இடத்துக்கு நல்லவள் ஒருத்தியை அனுப்பி வைத்தால் அவள் தேய்ந்து போவாள் என்பதை வாசிக்கும்போது, நைட்டிங்கேலின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. வேறு எவரை அனுப்பியிருக்கலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

1874இல் இலண்டனில், ஏழைகளின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற தாதியரை அனுப்பும் சங்கம் ஒன்று அமைந்தது. அதன் பொறுப்பாளர் புளோரன்ஸ் லீஸ். அதற்கு முன்பு வீடுகளுக்குச் சென்றவர்கள் பலர் நாளடைவில் தாதிமையை விட்டுவிட்டுச் சூப்பும் துணியும் பங்கிடுபவர்களாக மாறிவிட்டதை லீஸ் ஆராய்ந்து எழுதினார். நைட்டிங்கேல் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டார். தாதி தர்மம் கொடுக்கப் போகக்கூடாது. தர்மம் தேவையென்றால் கொடுக்க வேண்டியவர்களுக்கு அறிவிக்கட்டும். அவள் கொண்டுபோவது கைவேலையும் அறிவும்தான்.

அவருடைய அடுத்த கருத்துத்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வைத்தியசாலையில் நிற்கும் தாதியை விட வீடு தேடிச் செல்லும் தாதிக்கு அதிகப் பயிற்சி வேண்டும் என்றார். நம்மில் பலர் தலைகீழாகத்தானே நினைக்கிறோம்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெரிய படிப்பு, வீட்டுக்குப் போக ஓரளவு தெரிந்தால் போதும் என்று. அவருடைய காரணம் எளிமையானது. வாட்டில் வைத்தியர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். மருந்து, வெந்நீர், வெள்ளைத் துணி எல்லாம் கைக்கெட்டும். வீட்டில் அவள் தனியாள். வைத்தியர் வரும்வரை என்ன மாறியது என்று கவனித்துக் குறித்து வைக்க வேண்டியவளும் அவளே. ஆகவே வைத்தியசாலையில் ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு, வீடு வீடாகச் சென்று பழகும் மாதங்கள் தனியாகச் சேர்க்கப்பட்டன. நோயாளிக்கு முன் அறைக்கு வைத்தியம் செய்யப் பழக்கினார்கள். கூட்டுவது, காற்று வரச்செய்வது, அழுக்கை அகற்றுவது. தான் செய்துவிட்டு வருவதோடு நில்லாமல், அடுத்த முறை வரும்வரை அந்த வீட்டார் அதே ஒழுங்கைக் காக்கும்படி கற்பிக்கவும் வேண்டும். அடைத்த கால்வாயையும் கெட்ட தண்ணீரையும் கண்டால் நகரசபை அதிகாரிக்கு அறிவிப்பதும் அவள் கடமை. இந்தத் தாதியர் தனித்தனியே வாடகை அறைகளில் ஒதுங்காமல் ஒரே இல்லத்தில் தங்கினார்கள். நாள் முழுவதும் துயரத்தைப் பார்த்துவிட்டு வருபவளுக்கு மாலையில் சூடான சாப்பாடும் பேச்சுத் துணையும் வேண்டும் என்பதை நைட்டிங்கேல் மறக்கவில்லை. அக்னஸ் ஜோன்ஸின் நினைவு அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

1876இல் இலண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இதையெல்லாம் நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்குப் பெண்கள் சேர்த்த பணத்தில் ஏறத்தாழ 70,000 பவுண் இந்தச் சேவைக்கென ஒதுக்கப்பட்டு, நாடளாவிய நிறுவனம் உருவாயிற்று. வீடு தேடிச் சென்ற அத்தாதியரின் நோயாளிகளில் நாட்பட்ட வருத்தக்காரரும் முதியவர்களும் கணிசமானோர்.

ஊருக்கு உபதேசம் செய்தவர் வீட்டில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 1874இல் தந்தை படியில் விழுந்து இறந்தார். தாயார் ஏற்கெனவே பார்வை மங்கி, நினைவும் தடுமாறிய நிலையில் இருந்தார். அன்று தாதியாகப் போகாதே என்று அழுத அதே தாயைத்தான், தானும் நோயாளியான புளோரன்ஸ் அடுத்தடுத்த வருடங்களில் மாதக்கணக்காகக் கூட இருந்து கவனித்தார். தாயார் 1880இல், தொண்ணூறைக் கடந்த வயதில் இறக்கும்வரை இது தொடர்ந்தது. பொறுமையே உருவாக அவர் அதைச் செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்நாளைய கடிதங்களில் புலம்பல் நிறைய. வேலை கெடுகிறது, மனிதரைக் காணவில்லை, ஒரு வீட்டில் அடைந்து கிடக்கிறேன் என்ற மனக்குறை. முதியவரைப் பார்க்கும் பெண்ணுக்கு எரிச்சல் வருவது பாவம் என்று நினைக்கும் நம் உம்மாமார் இதை அறிந்தால் கொஞ்சம் ஆறுதலடைவார்கள்.

அவரிடம் பிழைகளும் இருந்தன. கிருமிகளால் நோய் பரவுகிறது என்பதை நீண்ட காலம் ஏற்க மறுத்தார். தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற இயக்கத்தையும் கடுமையாக எதிர்த்தார். பரீட்சை அறிவை அளக்கும், குணத்தை அளக்காது என்பது அவர் வாதம். பாதி உண்மைதான். ஆனால் பதிவு இல்லாத இடத்தில் பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே தட்டில் நிற்பார்கள். அவர் இறந்து ஒன்பது வருடத்தின் பின், 1919இல், பிரித்தானியாவில் பதிவுச் சட்டம் வந்தது.

அவருடைய பார்வை நம் தீவையும் தொட்டிருக்கிறது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் நிகழ்ந்த நோய், இறப்பு பற்றி 1863இல் அவர் வெளியிட்ட புள்ளிவிபர அறிக்கையில் இலங்கையும் இடம்பெற்றது. பின்னாளில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு, ஆசியாவிலேயே முதலாவது எனப்படுகிறது. வீட்டுக்கு வரும் மருத்துவமாது அந்த வழியில் பரவிய சேவைதான். தாய்மார் இறப்பு நம் நாட்டில் இவ்வளவு குறைந்ததில் அந்தப் படியேறிய கால்களுக்குப் பெரும் பங்குண்டு. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 12.4 பேர். பிள்ளைகள் குறைந்து முதியவர்கள் கூடிக்கொண்டு போகும் நாட்டில், மருத்துவமாதுக்குச் சமமாக முதியோர் வீடுகளுக்கென்றே பழக்கப்பட்ட தாதி ஒருத்தி இந்தத் தொடர்மாடிக்கு வரும் நாள் வந்தால், அவளுடைய பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நானும் என் தோழியும் ஓர் இடைவேளையில் பட்டியல் போட்டோம். நிறைய எழுதினோம். கடைசியில் தோழி சேர்த்தது, வயதானவரோடு பேச நேரம். அது பையில் கொள்ளாது என்று நான் சொன்னேன். அவள் வெட்டவில்லை. உம்மம்மாவின் முதுகுச் சிவப்பு மூன்றாவது வாரத்தில் மறைந்துவிட்டது.

எழுபது வயதுக்குப் பிறகும் நைட்டிங்கேல் ஓயவில்லை. 1890களின் தொடக்கத்தில் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களுக்குச் சென்று தாய்மாருக்குச் சுத்தம், காற்று, உணவு பற்றி வீட்டிலேயே கற்பிக்கும் சுகாதாரப் பெண்களைப் பழக்க ஏற்பாடு செய்தார். நோயைப் பராமரிப்பது ஒன்று, நோய் வராமல் பராமரிப்பது இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார். பிறகு கண் மங்கத் தொடங்கியது. 1901 அளவில் வாசிப்பும் எழுத்தும் ஏறக்குறைய முடிந்தன. நினைவும் மெல்ல விலகிற்று. 1907இல் பெண்களில் முதலாவதாக அவருக்கு அரசரின் உயர் விருது கிடைத்தபோது, என்ன நடக்கிறது என்பது அவருக்கு முழுமையாக விளங்கியிருக்காது.

இலண்டன் சவுத் வீதியில், தன் சொந்த வீட்டின் கட்டிலில், ஒரு தாதியின் பராமரிப்பில் அவர் கடைசி வருடங்களைக் கழித்தார். வாழ்நாள் முழுவதும் தாதியரைப் பழக்கியவர் இப்போது தாதியின் கையில். அந்நாட்களைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். இரவில் தாதி வந்து போர்வையைச் சரிசெய்து, நான்கு மூலையும் மடித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவி எழுந்து, தட்டுத்தடுமாறி அடுத்த அறைக்குப் போய், படுத்திருக்கும் தாதியின் போர்வையை இழுத்து மூடி, மூலைகளை மடித்துவிட்டு வருவாராம்.

1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி, பகல் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அரச குடும்பத்தாரும் அறிஞர்களும் அடங்கும் இலண்டனின் பெரிய தேவாலயத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். அவர் முன்பே வேண்டாமென்று எழுதி வைத்திருந்தார். ஹாம்ப்ஷயரில் பெற்றோரின் அருகே அடக்கினார்கள். கல்லில் முழுப்பெயர் கூட இல்லை. முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த திகதியும் இறந்த திகதியும் மட்டும்.